விசுவாசத்துக்குள் இருக்கும் மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த கிறித்தவ மதபோதகர் பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிறித்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி, மக்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். லத்தீனில் அது ‘கிரேதோ’ என்று தொடங்கும். நம்புகிறேன் என்று பொருள். தமிழில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த சொல் ‘வேணும்’. நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய சனங்கள் வேணும், வேணும் என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். விவரம் பிடிபட்டதும், உடன் ஊழியர் மான்சிலாசுக்குச் சவேரியார் கடிதம் எழுதினார்: ‘வேணும்’ ஆசையைச் சொல்வது, அதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ போடுங்கள் என்று.

இந்த விசுவாசத்தை ‘விசுவம்’, அதாவது உலகம், என்பதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் பிரித்தால் மிச்சம் நிற்கும் ‘ஆசம்’ ஒட்டாது. பிரிக்க வேண்டிய இடம் ‘வி’ என்ற முன்னொட்டுக்குப் பின்னால். அடுத்து வருவது சுவாசம், நாம் விடும் அதே மூச்சுதான். வடமொழியில் இந்த வினைக்குத் தடையில்லாமல் மூச்சுவிடுதல், அச்சமற்றிருத்தல் என்று பொருள். ஒருவர் பக்கத்தில் பயமின்றி மூச்சுவிட முடிந்தால் அவரை நம்புகிறோம் என்றாகிறது.

சரி, நம்முடைய ‘நம்பு’? தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உரியியலைப் பாருங்கள்: ‘நம்பும் மேவும் நசை ஆகும்மே.’ நசை என்றால் விருப்பம். பழந்தமிழில் நம்புவது விரும்புவதுதான்! சவேரியாரின் துணைவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சில் ‘வேணும்’ பிழைதான், திருத்தியதும் சரிதான். ஆனாலும் அந்தப் பிழையை நினைத்து என்னால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை.

இசுலாமியர் ‘ஈமான் கொள்ளுதல்’ என்பார்கள். அரபியில் இதன் வேர் அலிஃப், மீம், நூன் என்ற மூன்று எழுத்து. அச்சமின்மை, பாதுகாப்பு என்பது அடிப்படைப் பொருள். விசுவாசமும் இங்கேதான் வந்து சேர்ந்தது. எபிரேயத்திலும் இதே மூன்றெழுத்து வேர் உண்டு, உறுதி என்ற பொருளில். செபத்தின் முடிவில் சொல்லும் ‘ஆமென்’ அதில் பிறந்தது. ஒருவர் நம்பி ஒப்படைக்கும் பொருளைத் தமிழ் முசுலிம்கள் ‘அமானிதம்’ என்கிறார்கள். நம்பகமானவர் ‘அமீன்’. அந்தச் சொல்தான் கோர்ட்டுக்குள் நுழைந்து, சப்தி உத்தரவோடு வாசலில் வந்து நிற்கும் ‘அமீனா’ ஆனது. வருவது அச்சமின்மையின் வேர்ச்சொல். கடன் வாங்கியவருக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நன்றி, வணக்கம்.