தடுப்பு உயர்ந்தும் கசிவு ஏன்? ஒற்றை அயனிக் காந்தங்களின் கதை

[காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை. கரையோரக் கருங்கற்களில் அலை மோதுகிறது.]

வணக்கம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று, கரையைக் காக்கக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களைச் சற்று நேரம் கவனித்தால், நீர் இரண்டு வழிகளில் உள்ளே வருவது தெரியும். ஆரவாரத்துடன் கற்குவியலின் உச்சியைத் தாண்டும் நீர் ஒன்று. கல்லிடுக்கில் ஓசையின்றிப் புகும் நீர் மற்றொன்று. இரும்பு, கோபால்ட் போன்ற இடைநிலை உலோக அயனியைப் பிற அணுக்கள் சூழ்ந்து பிணைந்த அணைவுச் சேர்மம் ஒன்றில் ஒரேயொரு அயனி காந்தமாக நிலைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவது நீர்தான்.

[காட்சி: வரைபடம். இரண்டு பள்ளங்கள், நடுவே ஒரு மேடு.]

இணைசேரா எலக்ட்ரான்களின் ஸ்பின், அதாவது அவற்றைச் சிறு காந்தங்களாக்கும் உள்ளார்ந்த பண்பு, ஓர் அச்சின் வழியே மேலோ கீழோ நோக்கி நிற்கும்போது ஆற்றல் குறைந்தும், பக்கவாட்டில் சாயும்போது ஆற்றல் கூடியும் இருக்குமானால், அதனைக் காந்தத் திசையொப்பின்மை என்கிறோம். இதன் அளவை 'டி' என்று குறிப்பர். டி எதிர்க்குறி உடையதாக இருந்தால் இரு திசைகளுக்கும் நடுவே ஆற்றல் மேடாக ஒரு தடுப்பு எழும். அதன் உயரம், குறியை நீக்கிப் பார்த்தால், அயனியின் மொத்த ஸ்பின் 2 எனில் டி-யின் நான்கு மடங்கு, 3/2 எனில் இரண்டு மடங்கு. எலக்ட்ரானின் ஸ்பினும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் பிணைவதிலிருந்தே இப்பண்பு பிறக்கிறது. அயனியுடன் பிணைந்து சூழ்ந்திருக்கும் அணுக்களும் மூலக்கூறுகளுமான ஈனிகள் பொதுவாக அந்தச் சுற்றுப்பாதை இயக்கத்தை ஒடுக்கிவிடுவதால், ஈனிகளைக் குறைத்து அயனியைத் திறந்தவெளியில் விட முயல்வது வேதியியலாளரின் வழக்கம்.

[காட்சி: முக்கோணப் பிரமிடு வடிவ இரும்புச் சேர்மம்.]

2010-இல் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழுவினர் அறிவித்த இரும்பு(II) சேர்மத்தில் டி ஏறத்தாழ −39.6 அலை எண் (இங்கே ஆற்றலை அளக்கும் அலகு). கணக்குப்படி தடுப்பு 158 இருக்க வேண்டும்; 1500 ஆர்ஸ்டெட் புறக்காந்தப்புலம் கொடுத்த பிறகும் கிடைத்தது 42 மட்டுமே. 2011-இல் வெளிவந்த, நான்கு கந்தகங்கள் சூழ்ந்த கோபால்ட்(II) சேர்மமோ புறப்புலம் இன்றியே மெதுவான தளர்வைக் காட்டியது; அதாவது, அதன் காந்தத் திசை மெல்லவே மாறியது. ஆனால் நூறுக்கு மேல் எதிர்பார்த்த தடுப்பு 21-இல் நின்றது. டி-யை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் அவசரமாகவே தோன்றியிருக்கிறது.

இடையில் நடப்பது என்ன? படிக அதிர்வுகளை உறிஞ்சி உண்மையான ஒரு மேல்நிலைக்கு ஏறி இறங்குவது ஆர்பாக் வழி. அதுவே உச்சியைத் தாண்டும் அலை. தடுப்பின் ஊடாகவே திசை மாறுவது குவாண்டம் ஊடுருவல். அதுவே இடுக்கில் கசியும் நீர். ஓர் அதிர்வை உறிஞ்சி, இன்னொன்றை வெளிவிட்டு, உச்சிக்குப் போகாமலே மறுபுறம் சேரும் ராமன் வழிக்கு என் கடற்கரை உவமை உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

[காட்சி: நேர்கோட்டு இரும்புச் சேர்மம். ஓர் எலக்ட்ரான் வந்து சேர்கிறது.]

ஊடுருவலை அடைக்க ஒரு நுட்பமான வழி உண்டு. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், புறப்புலம் இல்லாதபோது ஈனிகளின் மின்புலத்தால் மட்டும் இரு திசைகளையும் கலக்க முடியாது. இது கிராமர்ஸ் விதி. இரு கார்பன்களுக்கு நடுவே நேர்கோட்டில் அமர்ந்த இரும்பு(II), இரட்டைப்படை எலக்ட்ரான்கள் கொண்டதால், மெதுவாகத் தளரப் புறப்புலத்தை நாடியது. அதனுடன் ஓர் எலக்ட்ரானைச் சேர்த்து, 2013-இல் இரும்பு(I) ஆக்கியதும், புறப்புலமின்றியே தடுப்பு 226 அலை எண்ணாக அளக்கப்பட்டது. அண்டை மூலக்கூறுகளின் காந்தப்புலமும் அணுக்கருவின் ஸ்பினும் இவ்விதியைச் சிறிது தளர்த்திவிடும். ஆகையால்தான் இணைசேரா எலக்ட்ரான் இல்லாத துத்தநாகச் சேர்மத்தில் காந்த அயனிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து அளக்கிறார்கள்.

[காட்சி: வெப்பநிலைத் தலைகீழுக்கு எதிரான தளர்வு நேர வரைபடம்.]

226 அலை எண் என்பது ஏறத்தாழ 325 கெல்வின்; புதுச்சேரியின் அக்கினி நட்சத்திர வெயிலை விடவும் அதிகம். இருந்தும் அச்சேர்மம் காந்தத் திசையை உறைந்தாற்போல் வைத்திருந்தது 4.5 கெல்வினுக்குக் கீழேதான். இந்த வரைபடத்தில் சாய்கோட்டின் சரிவு தடுப்பின் உயரத்தைச் சொல்லும். குளிர்ந்த பகுதியில் கோடு வளைந்து மட்டமாகும் இடமோ கசிவு தொடங்கும் வெப்பநிலையைச் சொல்லும். புதிய சேர்மம் ஒன்றின் வரைபடம் கையில் கிடைத்தால், நான் முதலில் தேடுவது அந்த வளைவையே.