எஜுகேட்டர் டிராக்கா, ரூரல் டிராக்கா? மனநல மருத்துவ ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பவர்களோடு ஒரு பேச்சு

வணக்கம். அமெரிக்காவில் மனநல மருத்துவ ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் படிப்புக்குப் பிந்தைய நான்கு ஆண்டுச் சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, கற்பிக்கும் பணிக்குத் தயார்ப்படுத்தும் எஜுகேட்டர் டிராக் என்ற தனிப் பயிற்சிப் பிரிவில் சேர்வதா, கிராமப்புறச் சேவைக்கான ரூரல் டிராக்கில் சேர்வதா என்பதைத்தான். நான் நான்காம் ஆண்டு ரெசிடென்ட். எஜுகேட்டர் டிராக்கில் சேர்ந்துவிட்டு, பிறகு ஆறு மாதம் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்குப் போனவன். அங்கே போன பிறகுதான், நான் தனித்தனியாக நினைத்திருந்த இரண்டும் ஒரே வேலை என்பது புரிந்தது.

முதலில், இந்த டிராக்குகளுக்குப் பயிற்சியில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்போம். நான்கு ஆண்டுகளில் முதல் ஆண்டின் குறைந்தது 4 மாதம் பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற முதன்மைச் சிகிச்சைத் துறைகளில் கழியும். நரம்பியலுக்கு 2 மாதம். பிறகு உள்நோயாளிப் பிரிவு, குழந்தைகள், முதியோர், போதைப் பழக்கம் எனச் சுற்றி வந்து, பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் 12 மாதப் புறநோயாளிப் பணி. நம் விருப்பத்துக்கென்று தாராளமாக நேரம் கிடைப்பது நான்காம் ஆண்டில்தான். ரூரல் டிராக் என்ற பெயரில் சில இடங்கள் இரண்டாம் ஆண்டு முதலே நம்மைச் சிறு நகரத்தில் குடியமர்த்திவிடுகின்றன. வேறு சில, ஒரு மாதம் போய் வருவதற்கும் அதே பெயரைச் சூட்டிவிடுகின்றன.

எஜுகேட்டர் டிராக்கில் நான் கற்றவற்றில் மிகவும் பயன்பட்டது, ஒரு நிமிடத்தில் கற்பிக்கும் முறை. நோயாளியைப் பார்த்துவிட்டு வரும் மாணவரிடம் விடையை அள்ளிக் கொடுக்காமல், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்க வேண்டும், "ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று தொடர வேண்டும், பிறகு எங்கும் பொருந்தும் ஒரே ஒரு விதியைச் சொல்லி, சரியாகச் செய்ததைப் பாராட்டி, தவறைத் திருத்த வேண்டும். கேட்க எளிதாக இருந்தாலும், முதல் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க எனக்குப் பல மாதம் பிடித்தது.

சிற்றூரில் இரண்டாம் வாரத்திலேயே அந்தப் பழக்கம் கைகொடுத்தது. குடும்ப மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எட்டு வாரமாகச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை 50 மில்லிகிராம் எடுத்தும், மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் நோயாளியின் மதிப்பெண் குறையாமல் 18-லேயே நிற்கிறது, மருந்தளவைக் கூட்டலாமா என்று கேட்டார். கூட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். மாறாக, அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தோடு இருந்த காலம் எப்போதாவது உண்டா என்று நோயாளியிடம் விசாரிக்கச் சொன்னேன். இருந்திருக்கிறது. மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருக்கக்கூடிய ஒருவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து என்பதை அவர் அன்று தானே கண்டுகொண்டார். அடுத்த நோயாளிக்கு அந்தக் கேள்வியை அவரே கேட்பார்.

சிற்றூரில் இப்படிக் கற்பிப்பது ஏன் அவசியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மனநல மருத்துவருக்கு 30,000 பேர் அல்லது அதற்கும் மேல் என்ற விகிதம், ஒரு பகுதியைப் பற்றாக்குறைப் பகுதி என்று அமெரிக்க அரசு அறிவிப்பதற்கான பொதுவான அளவுகோல். ஒருவரே எல்லோரையும் நேரில் பார்ப்பது நடக்காது. முதியோரின் மனச்சோர்வு பற்றி 2002-இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில், 18 முதன்மைச் சிகிச்சை மையங்களைச் சேர்ந்த 1,801 முதியோரில் ஒரு பகுதியினருக்கு, மையத்திலேயே ஒரு பராமரிப்பு மேலாளர் துணை நிற்க, மனநல மருத்துவர் பெரும்பாலும் ஆலோசகராக மட்டும் இருந்தார். ஓராண்டு முடிவில் மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தவர்கள் அவர்களில் 45 சதவீதம்; வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 19 சதவீதம். நியூ மெக்சிகோவில் 2003-இல் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ திட்டமும், தொலைதூர மருத்துவர்களைக் காணொளி வழியே ஒன்றுகூட்டி, அவரவர் நோயாளிகளை வைத்தே கற்பித்தது. இன்று மனநலத்துக்கும் அந்த முறை பயன்படுகிறது.

வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டு தங்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, கான்ராட் 30 திட்டத்தின்கீழ் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று ஆண்டு முழுநேரப் பணி செய்ய வேண்டும். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள். எப்படியும் பலர் அங்கேதான் போகப்போகிறோம் என்றால், தயாராகிப் போவது நல்லதல்லவா?

நேர்காணலில் பயிற்சித் திட்ட இயக்குநரிடம் டிராக் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த டிராக்கில் படிக்கும் ரெசிடென்ட் ஒருவரைத் தனியே பிடித்து, கற்பித்தலுக்கென்று ஒதுக்கிய அரை நாளில் சென்ற மாதம் எத்தனை முறை வார்டுக்குக் கூப்பிட்டார்கள், சிற்றூரில் இரவுப் பணியின்போது சந்தேகம் வந்தால் தொலைபேசியை எடுப்பது யார் என்று கேளுங்கள்.