கட்சி வேண்டாம்னு பதிஞ்சவங்க ப்ரைமரியில ஓட்டுப் போடலாமா? கலிஃபோர்னியா கவர்னர் தேர்தல்: சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசை விட்டுப் போகல. மதுரையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் பொண்ணு சாக்ரமெண்டோவுல இருக்கா. இப்பதான் சிட்டிசன் ஆனா. வாக்காளரா பதியும்போது எந்தக் கட்சியும் வேண்டாம்னு குறிச்சுட்டா. ப்ரைமரின்னா கட்சிக்குள்ள நடக்குற தேர்தல்தானே? அப்போ கவர்னர் ப்ரைமரியில அவ ஓட்டுப் போட முடியாதா?"

அருமையான கேள்விம்மா. தாராளமா போடலாம். ஏன்னா கலிஃபோர்னியாவுல கவர்னர் ப்ரைமரி கட்சிக்குள்ள நடக்குற தேர்தலே கிடையாது.

அங்க கவர்னர்னா நம்ம முதலமைச்சர் இடத்துல இருக்கிறவர், அதை முன்னாடியே பேசியிருக்கோம். 4 வருஷப் பதவி, ஒருத்தர் ரெண்டு தடவைதான் இருக்கலாம். 2010 ஜூன்ல 14-ஆம் முன்மொழிவுன்னு ஒண்ணை மக்கள் ஓட்டுக்கு விட்டு, ப்ரைமரியையே மாத்திட்டாங்க. எல்லாக் கட்சிக்காரங்க பேரும் ஒரே வாக்குச்சீட்டுல இருக்கும். யாரும் யாருக்கும் போடலாம். முதல் ரெண்டு இடம் வந்தவங்க மட்டும் நவம்பர்ல நடக்குற இறுதித் தேர்தலுக்குப் போவாங்க. ப்ரைமரியில ஒருத்தர் 60 சதவீதம் வாங்கினாலும் அதோட முடியாது, நவம்பர்ல மறுபடி நிக்கணும்.

"சரி, அப்போ கட்சி வேட்பாளர் யாரு?" யாருமே இல்ல! சீட்டுல பேருக்குக் கீழ இருக்கிறது அவர் விரும்புற கட்சி, அவ்வளவுதான். கட்சி மாநாடு கூட்டி ஆதரவு அறிவிக்கலாம். டெமாக்ரட் மாநாட்டுல அதுக்கு 60 சதவீதப் பிரதிநிதிகள் வேணும். 2018-ல கவர்னர் பதவிக்கு அதை யாருமே எட்டல.

இப்போ நீங்க கேட்டிருக்கணும்னு நான் ஆசைப்படுற கேள்விக்கு வர்றேன். "எந்தக் கட்சிக்கு அங்க ஓட்டு அதிகம்"னுதான் எல்லாரும் கேக்குறீங்க. அந்தப் பக்கத்துல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு கேளுங்க. திரும்பத் திரும்ப இதையேதான் சொல்றேன், ஏன்னா இந்த முறையில எல்லாமே அதுலதான் இருக்கு. 100 ஓட்டுன்னு வைங்க. ஒரு கட்சிக்கு 60, அஞ்சு பேர் நின்னு சமமாப் பிரிச்சா ஆளுக்கு 12. இன்னொரு கட்சிக்கு 40, ரெண்டே பேர், ஆளுக்கு 20. நவம்பருக்குப் போறது அந்த ரெண்டு பேரும்தான். 60 ஓட்டு வச்சிருக்கிற கட்சிக்கு நவம்பர் சீட்டுல ஆளே இருக்காது. பேரைக் கையால எழுதிப் போடுற வழியும் அந்தச் சுற்றுல கிடையாது.

கணக்குக்காகச் சொல்லல, நடந்திருக்கு. 2012-ல சான் பெர்னார்டினோ பக்கம் 31-ஆவது காங்கிரஸ் தொகுதி (காங்கிரஸ்னா அங்க நாடாளுமன்றம், நம்ம ஊர்க் கட்சி இல்ல). அதே வருஷம் ஒபாமா நல்லா ஜெயிச்ச இடம். டெமாக்ரட் பக்கம் நாலு பேர், ரிபப்ளிகன் பக்கம் ரெண்டே பேர். கேரி மில்லர், பாப் டட்டன் ரெண்டு ரிபப்ளிகன்களும் மேல போயிட்டாங்க. டெமாக்ரட் பீட் அகிலார் ரெண்டு சதவீதம் சொச்ச வித்தியாசத்துல மூணாவது. அவர் 2014 வரைக்கும் காத்திருந்துதான் ஜெயிச்சார்.

2018 கவர்னர் தேர்தலைப் பாருங்க. ப்ரைமரியில டெமாக்ரட் கேவின் நியூசம் சுமார் 34 சதவீதம், ரிபப்ளிகன் ஜான் காக்ஸ் 25, இன்னொரு டெமாக்ரட்டான லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர் வியரைகோசா 13. நியூசம் தரப்பு காக்ஸைத் திட்டி விளம்பரம் போட்டுச்சு: இவர் ட்ரம்ப் ஆளு, துப்பாக்கிச் சங்கத்துக்கு வேண்டியவர்னு. ரிபப்ளிகன் வாக்காளர் காதுல அது சிபாரிசு மாதிரி விழும். நவம்பர்ல சொந்தக் கட்சிக்காரரோட மோதுறதைவிட ரிபப்ளிகனோட மோதுறது சுலபம். நவம்பர்ல நியூசம் ஜெயிச்சது கிட்டத்தட்ட 62-க்கு 38. 2024 செனட் (நாடாளுமன்ற மேலவை) ப்ரைமரியில டெமாக்ரட் ஆடம் ஷிஃப் இதையேதான் செஞ்சார். ரிபப்ளிகன் ஸ்டீவ் கார்வி மேல வந்தார், இன்னொரு டெமாக்ரட் கேட்டி போர்ட்டர் 15 சதவீதத்தோட வெளிய போனார்.

இந்த வித்தை புது முறையில வந்ததும் இல்ல. 2002-ல கட்சிவாரி ப்ரைமரிதான். அப்போ டெமாக்ரட் கவர்னர் கிரே டேவிஸ், எதிர்க்கட்சி ப்ரைமரிக்குள்ளயே பல மில்லியன் டாலர் விளம்பரம் போட்டு, பலமான ரியோர்டனைச் சாய்ச்சார். பில் சைமன் எதிரே வந்தார், டேவிஸ் ஜெயிச்சார். அடுத்த வருஷமே மக்கள் அவரைத் திரும்ப அழைச்சு ஷ்வார்ஸனெகரை உக்கார வச்சாங்க. அந்தச் சீட்டுல 135 பேர்!

ஒரே கட்சி ஆளுங்க ரெண்டு பேர் மோதினதுக்கு 2016 செனட் தேர்தல் இருக்கு. கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும், ரெண்டு பேரும் டெமாக்ரட். கமலாவோட அம்மா சியாமளா கோபாலன் நம்ம ஊர்க்காரங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நவம்பர்ல செனட்டுக்கு ரிபப்ளிகன் பேரே சீட்டுல இல்ல.

பொண்ணு விஷயத்துக்கு வருவோம். பதிவுல அவ எதைக் குறிச்சான்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. "கட்சி விருப்பம் இல்லை"ன்னு இருக்கணும். அங்க அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டின்னு ஒரு வலதுசாரிக் கட்சியே இருக்கு. சுயேச்சைன்னு நினைச்சு நிறையப் பேர் அதுல பதிஞ்சுடுறாங்க. கவர்னர் ஓட்டுக்கு அதனால பாதகம் இல்ல. ஜனாதிபதி ப்ரைமரி இன்னும் கட்சிவாரிதான், அங்க மாட்டிக்குவாங்க.

வாக்குச்சீட்டு தபால்ல வீட்டுக்கே வரும். கவர்மேலே கையெழுத்து அவளேதான் போடணும், வேற யாரும் போடக் கூடாது. பதிவுல இருக்கிற கையெழுத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. டிரைவிங் லைசென்ஸ்ல தமிழ்ல போட்டிருந்தா இதுலயும் தமிழ்லயே போடட்டும். ஒத்துப் போகலைன்னா கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்துலேர்ந்து கடிதம் வரும். அதை விளம்பரத் தபால்னு நினைச்சு குப்பையில போடாம, கையெழுத்துப் போட்டுச் சொன்ன தேதிக்குள்ள அனுப்பினா ஓட்டு எண்ணிக்கையில சேர்ந்துடும்.