பகா எண்ணும் நம்ம ஊர் நூலகமும்

விழாத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மேடையில் நாற்காலி போதாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய பகா எண்ணைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அதன் அளவு, அதைச் சோதிக்கும் விதம், அதன் பயன்.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்ததுதான் அதுவரை தெரிந்ததில் பெரியது. 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அந்த எண். 4,10,24,320 இலக்கம்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த வேலை.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர். 1644இல் அவர் ஒரு பட்டியல் போட்டார். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் பகா எண்தான் என்றார். இல்லை என்று 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிரூபித்தார். ஆனால் எதனால் வகுபடும் என்று அவராலும் காட்ட முடியவில்லை. 1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் என்ற பேராசிரியரைப் பேச அழைத்தார்கள். மனிதர் வாயே திறக்கவில்லையாம். (நம்ம மேடைகளில் நடக்குமா?) சாக்பீஸை எடுத்து, கரும்பலகையின் ஒரு பக்கம் அந்த 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து, 147573952589676412927 என்று கணக்குப் போட்டு முடித்தார். மறுபக்கம் 193707721, அதன் கீழே 761838257287. வரி வரியாகப் பெருக்கினார். அதே விடை! பேசாமல் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியதாம். எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். அம்மி நகர்ந்தது, பார்த்தீர்களா?

சரி, சோதனைக்கு வருவோம். 31ஐ எடுங்கள். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்தால் 14. மறுபடி செய்தால் 194. அதை 31ஆல் வகுத்த மீதி 8. இன்னொரு முறை, 62. மீதி பூச்சியம்! அப்போது பகா எண். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. டுரான்டின் எண்ணையும் இதே லூக்கா-லேமர் சோதனையால்தான் உறுதி செய்தார்கள்.

அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து போடும்? நம்ம கிளை நூலகத்தில் ஆறரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு மேசையும் வெளிச்சமும் வேறெங்கே கிடைக்கும்? ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள், ஒரு கரும்பலகை மாட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். இதுவரை கொடுத்த மனுவுக்குப் பதிலில்லை. பரவாயில்லை, அடி மேல் அடி!

மைக் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். பயனைப் பற்றி அப்புறம் பேசலாம். புது மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கவுன்சிலர் அம்மா, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். பேனா என்னிடமே இருக்கிறது.