உதட்டை விட்டு நழுவும் குரல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேமராவிலும் அதன் ஒலியைத் தனி ரெக்கார்டரிலும் பதிந்து, எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் உதடும் குரலும் அச்சாகப் பொருந்துகின்றன. முடிவிலோ, பேசுபவர் வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. உடனே ஒலித்துண்டை முன்னே இழுத்துவிடுவதே பலரின் வழக்கம். அப்படி இழுத்தால் முடிவு சரியாகும், தொடக்கம் கெடும். ஏனெனில் பிழை இருப்பது ஒலி வைக்கப்பட்ட இடத்தில் அன்று, அது ஓடும் வேகத்தில்.

ஆகவே எதையும் நகர்த்துமுன் அளந்துவிட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலும், கைதட்டலையோ, இதழ்கள் ஒட்டிப் பிறக்கும் பகரத்தையோ மகரத்தையோ தேடிப் பிடித்து, படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கு 3.6 விநாடி பிசகினால், விநாடிக்கு 29.97 ஃப்ரேமாக, அதாவது தனித்தனி நிலைப்படமாக, எடுத்த படத்தை மென்பொருள் 30 ஆகக் கொண்டு ஓட்டுகிறது எனலாம். ஒரு மணி நேர ஒலி 55 நிமிடத்திலேயே தீர்ந்து, குரலும் கீச்சென்று உயர்ந்திருந்தால், விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது 44,100 முறை அளந்து, பதிந்த ஒலி 48,000 என்று படிக்கப்படுகிறது. இவ்விரண்டும் அமைப்பைத் திருத்தினாலே தீர்ந்துவிடும்.

தொல்லை தருவது கால் விநாடிக்குள் அடங்கும் சிறு பிசகுதான். கேமராவும் ரெக்கார்டரும் தத்தம் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே நேரத்தை எண்ணுகின்றன. எந்த இரண்டு படிகமும் முற்றிலும் ஒன்றுபோல் அதிர்வதில்லை. விநாடிக்கு 25 ஃப்ரேம் படத்தில், ஒரு மணி நேர முடிவில் ஒலி 5 ஃப்ரேம், அதாவது 200 மில்லி விநாடி பிந்துகிறது என்றால், ஒலியின் வேகத்தை 100.0056 விழுக்காடாக்க வேண்டும். மென்பொருளில் வேகத்தை எழுதும் கட்டம் இரண்டு தசம இடங்களையே ஏற்குமானால் 100.01 என்றுதான் இட முடியும். அப்போது 5 ஃப்ரேம் பிந்திய ஒலி 4 ஃப்ரேம் முந்திவிடும். இது முன்னதைவிட மோசம். இயற்கையில் ஒளிக்குப் பின்பே ஒலி வந்து சேர்வதால், பிந்தும் ஒலியை நம் மூளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்வையாளருக்குத் தெரிந்துவிடும் என்றும், பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை குறிப்பிடுகிறது.

எனவே எண்ணை இடுவதை விட்டு, ஒலித்துண்டின் கடைசி முனையைப் பிடித்து, கடைசிக் கைதட்டல் படத்தோடு சேரும்வரை, எதையும் வெட்டாமல் வேகம் கூடும்படி சுருக்குவதே நல்லது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி மாறியது காதுக்குத் தெரியாது. வெறும் பேச்சானால், ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒருமுறை, பேசுபவர் மூச்சுவிடும் மௌனத்தில் ஒரு ஃப்ரேம் அளவு ஒலியை வெட்டிவிடலாம். கச்சேரியில் இந்த வித்தை செல்லாது, தாளம் இடறும்.

நடுவில் உள்ள பிசகு முடிவில் உள்ளதில் பாதியாக இல்லாவிட்டால், மேற்சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. கைப்பேசிகள் வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்வதுண்டு. அத்தகைய கோப்பில் ஃப்ரேம்கள் சம இடைவெளியில் இருப்பதில்லை. அதை ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் இட்டு, மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும். பாதி வேலை முடிந்தபின் மாற்றினால், அதுவரை போட்ட வெட்டுகளும் இடம் பிசகிப்போகக்கூடும்.