எதற்காக வளர்க்கிறீர்கள், ஐயா?

(தென்மாவட்ட நாட்டு நாய் வளர்ப்போர் கூடிய ஒரு கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, நாயைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் தம்பிமார்களே, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கும் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

குடற்புழு நீக்கம், கோடைக்காலத் தீவனம் என்று பேசுவதற்காகக் குறிப்பு எழுதி வந்தேன். அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். காரணம், காலையில் நான் வந்து இறங்கியபோது கண்ட காட்சி.

வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் நின்றது. நடுவில் ஒரு கறுப்புப் பெட்டை நாய். அவள் சிப்பிப்பாறையா, கன்னியா, நம் பக்கத்து வேட்டை நாயினங்களில் எது என்பதுதான் பேச்சு. இரண்டு பெரியவர்கள் அவள் மேல் ஆளுக்கொரு கையை வைத்திருந்தார்கள். ஒருவர் இடுப்பெலும்பை விரலால் தடவி, "குறுக்கைப் பாருங்கள், வில்லாக வளைந்திருக்கிறது. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. இது சிப்பிப்பாறைதான், நிறம் மட்டும் கறுப்பு" என்றார். மற்றவர் அவளுடைய முகத்தை மெதுவாகத் தூக்கி, கண்ணுக்கு மேலே இருந்த இரண்டு செம்பொட்டுகளைக் காட்டினார். "இந்தப் பொட்டு இருந்தால் அது கன்னி. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றார். அதுவரை பேச்சு இனிமையாகத்தான் போனது. பிறகு குரல் ஏறியது. யாரோ பின்னாலிருந்து "கலப்பு" என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். அவ்வளவுதான். வளர்த்த பையன் ஒன்றும் பேசவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டான். அந்தப் பெட்டை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்தப் பையனிடம் கேட்க எனக்கு ஆறு கேள்விகள் இருந்தன. தாய் எந்த ஊர்? தகப்பன் யாருடைய நாய்? இவளுடன் பிறந்த குட்டிகள் எத்தனை, எல்லாம் பிழைத்தனவா? ஒன்றையும் கேட்க முடியவில்லை. அவனோடு அந்த விவரமெல்லாம் போய்விட்டது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். நாம் ஒருவரை அவமதித்து அனுப்பும்போது, அவருக்குத் தெரிந்த உண்மையும் அவருடன் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. நம் நாயினங்களின் வரலாறு பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு பெரியவர்களையும் நினைத்துப் பாருங்கள். இருவரும் தொட்டது ஒரே நாயை. ஒருவர் அதன் ஓட்டத்தைக் காப்பாற்ற நினைக்கிறார். மற்றவர் அதன் பெயரைக் காப்பாற்ற நினைக்கிறார். கன்னி என்ற பெயருக்குப் பின்னால், மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த நாய் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதை இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அவருடைய பாட்டியின் கல்யாணக் கதையே போய்விடும். இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே நேரத்தில், இரண்டும் ஓரினம் என்று சொல்பவருக்கும் வலுவான காரணம் உண்டு. இருக்கிற நாய்களே குறைவு. அதைச் செவலை தனி, சாம்பல் தனி, வெளிர்நிறப் பால்கன்னி தனி, கறுப்பு தனி என்று பிரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பிரிவிலும் இணை சேர்க்க அண்ணன் தங்கைதான் மிஞ்சும். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள அமைப்பில் முதன்முதலாகப் பதிவு பெற்ற நாயினங்கள் மூன்று: நம்முடைய ராஜபாளையம், நம்முடைய சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். கன்னியும் கோம்பையும் அந்த முதல் வரிசையில் இல்லை. கோம்பை வளர்க்கும் தேனிப் பக்கத்து நண்பர்களுக்கு அந்த வருத்தம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவு என்பது கூச்சலுக்குக் கிடைப்பதில்லை. எத்தனை நாய், எந்தெந்த ஊர், உயரம் என்ன, எடை என்ன, ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்று கணக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். அந்தக் கணக்கை யார் கொடுப்பது? கயிற்றைச் சுற்றிக்கொண்டு போன அந்தப் பையன்தான் கொடுக்க வேண்டும்.

வேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டையோ பன்றி வேட்டையோ நமக்கு உரியதல்ல. அதை மறைமுகமாகக்கூட நான் ஆதரிக்க மாட்டேன். ஆனாலும், "ஓடாத நாய் சிப்பிப்பாறையே இல்லை" என்று சொல்லும் முதியவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆழமான நெஞ்சையும் ஒட்டிய வயிற்றையும் நீண்ட காலையும் செதுக்கியது கரிசல் காட்டு ஓட்டம்தான். கண்காட்சிக்காரர் வேறு கோணத்தில் பார்க்கிறார். இனத்தின் அங்க இலக்கணத்தை எழுதி வைக்காவிட்டால் இன்னும் இரண்டு தலைமுறையில் ஆளுக்கு ஒரு நாயைக் காட்டி ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள் என்று அஞ்சுகிறார். அந்த அச்சமும் நியாயமானது. சென்னைக் குடும்பத்துக்கு வேண்டியதோ வேறு. வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறது, வருகிறவர் போகிறவர் இருக்கிறார்கள், ஆகவே நாய் நிதானமாக இருக்க வேண்டும். தோப்புக் காவலுக்கு வளர்ப்பவரிடம் அதைச் சொன்னால், "நிதானமாக இருப்பதற்கு ராஜபாளையம் எதற்கு?" என்பார். இவர்களில் யாரையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாதத்தில் இறங்குவதுதான் தவறு. அதனால்தான் என் சிகிச்சை அறைக்கு வருகிறவரிடம் நாயைத் தொடுவதற்கு முன் "எதற்காக வளர்க்கிறீர்கள், ஐயா?" என்று கேட்கிறேன். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும்.

இப்போது நம்மிடையே மிகவும் புண்பட்ட இடத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்தின் வெள்ளை நிறம்.

பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். எனக்கும் அந்த அழகு பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் வீட்டுக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட என்னை அழைத்தார். ஆறு வாரக் குட்டிகள். சாக்கு விரிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நான் போனதும் தாய் குரைத்தாள். எல்லாக் குட்டிகளும் தலையைத் தூக்கின, ஒன்றைத் தவிர. நான் ஒரு சில்வர் தட்டும் கரண்டியும் கேட்டேன். தட்டைத் தரையில் போடக்கூடாது; அதிர்வு பாதத்தின் வழியாகத் தெரிந்துவிடும். கையில் தூக்கிப் பிடித்து, குட்டியின் கண்ணில் படாமல் பின்னால் நின்று தட்ட வேண்டும். தட்டினேன். மற்றவை சிதறி ஓடின. அந்தக் குட்டி, வயிறு ஏறி இறங்க, வாய் ஓரத்தில் பால் காய்ந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வேறொரு குட்டி அதன் மேல் விழுந்த பிறகுதான் விழித்தது.

வளர்த்தவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. போன ஈற்றிலும் இரண்டு இருந்ததாம். "ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஒரு முறை சொன்னேன், டாக்டர். நாலு பேர் நடுவில் என் நாயைக் குப்பை என்றார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்" என்றார். அவர் வாயை மூடிக்கொண்ட அந்த இடைவெளியில், அந்தக் குட்டிகளின் தகப்பனான அதே ஆண் நாயிடம் ஐந்து ஊர்ப் பெட்டைகள் இணை சேர்ந்துவிட்டன.

உள்காதில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. கேட்கும் திறனைக் காக்கும் வேலையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. மீண்டும் முளைப்பதில்லை. டால்மேஷன் போன்ற வெள்ளை அதிகமுள்ள பல இனங்களில் இது நன்றாக அறியப்பட்ட விஷயம். வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈற்றில் எப்போதாவது பிறக்கும் புள்ளிக் குட்டியையும் பழுப்புக் குட்டியையும் ஒதுக்கி ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் ஆபத்து கூடும். இன்னொன்று, தட்டுச் சோதனையில் இரண்டு காதும் கேட்காத குட்டிதான் பிடிபடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி துள்ளிக் குதித்து நம்மை ஏமாற்றிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். அந்தக் குட்டியும் வளர்ந்து, குறையைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடும்.

என் கருத்தை ஒளிக்கப்போவதில்லை. நிறம் கலந்த குட்டிகளை இனப்பெருக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவன் நான். ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதை நான் பல முறை பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். "இன்று புள்ளியை விடுங்கள், நாளை வியாபாரி எந்த நாயைக் கொண்டுவந்தாலும் ராஜபாளையம் என்று விற்பான். உயரத்துக்காக வெளிநாட்டுப் பெரிய நாயைச் சேர்ப்பான். வெள்ளை ஒன்றுதான் எங்களிடம் இருக்கும் வேலி" என்கிறார்கள். இது வெறும் வீம்பு அல்ல. வேலியைப் பிரிக்கச் சொல்லும் நான், அதற்குப் பதிலாக என்ன வேலி என்று சொல்லக் கடமைப்பட்டவன். தாய் தகப்பன் தெரிந்த, ஊர் பெயரோடு எழுதிய பதிவேடு என்பது என் பதில். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பதிலை நான் தேடியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட வழக்கு நமக்கு மட்டும் வந்ததல்ல. டால்மேஷன் நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிக அதிகம். அதனால் கல் சேர்ந்து, குறிப்பாக ஆண் நாய்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அந்தக் குறையைப் போக்க, 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் இன நாயுடன் ஒரே ஒரு முறை சேர்த்தார். அந்தக் குட்டிகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷனுடனே சேர்த்துக்கொண்டு வந்தார். 1981இல் அங்கே நாயினங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் வளர்ப்போர் சங்கத்தினர் எதிர்த்தார்கள், கதவு மூடப்பட்டது. மறுபடி திறந்தது 2011இல். முப்பது ஆண்டுகள்! எதிர்த்தவர்களும் அந்த நாயை உயிராக நேசித்தவர்கள்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இடையில் அந்த அமிலத்துக்குக் காரணமான மரபணு எது என்று தெரிந்தது. பரிசோதித்துக் காட்ட முடிந்தது. விட்டுவிடாமல் பேசிக்கொண்டே இருந்தவர்களால்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் கல் அடைத்து வலியில் துடித்த நாய்களை ஒரு மருத்துவனாக என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கு அவ்வளவு காலம் இல்லை. நம்மிடம் அவ்வளவு நாய்களும் இல்லை.

மரியாதை என்று நான் சொல்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதை அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் பெட்டையை இணை சேர்த்து, அவள் முதுகெலும்பு தெரியும் வரை குட்டி எடுப்பவரிடம் "உங்கள் நோக்கம் வேறு, என் நோக்கம் வேறு" என்று நான் பேசமாட்டேன். 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகள் தெளிவாக இருக்கின்றன: பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. இதில் விவாதமே இல்லை. நாயின் உடம்பு தாங்காததைச் செய்பவரை நேருக்கு நேர் கண்டிக்கத்தான் வேண்டும். அங்கேயும் நாலு பேர் நடுவில் வேண்டாம். தனியே அழைத்துச் சொல்லுங்கள். திருந்தவில்லையென்றால் சட்டம் இருக்கிறது.

மற்றபடி, ஒரு நாயைப் பார்த்து "கலப்பு" என்று சொல்லத் தோன்றும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "காது எடுத்து நிற்கிறது, நான் பார்த்த கோம்பைகளில் இப்படி இல்லை, தாய் எப்படி?" என்று கேளுங்கள். அந்த மனிதர் உட்கார்ந்து பதில் சொல்வார். "கலப்பு" என்ற ஒரு சொல்லுக்கு அவரிடம் பதில் இல்லை; எழுந்துதான் போவார்.

காலையில் போன பையனைத் தேடி ஆள் அனுப்பினேன். பஸ் நிறுத்தத்தில் இருந்தான். திரும்பி வந்திருக்கிறான், அதோ கடைசி வரிசையில், நாய் அவன் காலடியில் படுத்திருக்கிறது. அந்த இரண்டு பெரியவர்களும் அவனுக்கு இரு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய தாய் எந்த ஊர் என்பதை அவர்கள் இதற்குள் கேட்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதே வேப்பமரத்தடியில் குட்டிகளுக்குக் காது சோதனை நடக்கும். ஐந்து வாரம் கடந்த குட்டிகளை எடுத்து வாருங்கள், கட்டணம் இல்லை. குறை தெரிந்தால் அது எனக்கும் உங்களுக்கும் இடையில்தான், பதிவேட்டு நோட்டில் எழுதலாமா வேண்டாமா என்பதை நீங்களே சொல்லலாம். நோட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் தம் கையெழுத்தில் மூன்று ஈற்றுகளின் கணக்கை எழுதியிருக்கிறார். எத்தனை குட்டிக்குக் கேட்கவில்லை என்பது உட்பட. சாக்கு விரிப்பில் குட்டி தூங்கிய அந்த வீட்டுக்காரர்தான். தட்டையும் கரண்டியையும் அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.