கடல் தண்ணீரின் கணக்கைச் சுவரில் எழுதுங்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அம்மா அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, ஜமாத் பெரியவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காக வந்திருக்கும் மீன்வளத்துறை அதிகாரி ஐயா அவர்களே, பாசி எடுத்துவிட்டு நனைந்த சேலையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம். மைக் பிடித்துக் கொடுத்த சங்கத்துத் தம்பிகளுக்கும் நன்றி.

மன்னார் வளைகுடாத் தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயம் பேச வந்தேன்: ஆக்சிஜன், சாக்கடை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பாசி இல்லாமல் மீன் இல்லை, சரி, ஆனால் அந்தப் பாசியே மிஞ்சினால்?

2019 செப்டம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாம்பன் பக்கம் பூங்கோரை என்கிற நுண்பாசி படர்ந்து கடலே பச்சையாகி, மீன் செத்து ஒதுங்கியதே, அப்போது ஒரு நாள் விடியற்காலையில் ஆய்வுக்கு வந்த மாணவி ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சின்னக் கண்ணாடிப் புட்டியை மூழ்கடித்து மூடினார். உள்ளே ஒரு காற்றுக்குமிழி; வெளிக்காற்று கலந்தால் கணக்கு தப்பிவிடும். கொட்டிவிட்டு மறுபடி எடுத்தார், மறுபடி குமிழி. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. எங்கள் மாமா, "என்ன பாப்பா, தண்ணி மொள்ளவா இவ்வளவு பாடு?" என்றார். அந்தப் பெண் கரையேறி இரண்டு மருந்தைச் சொட்டுவிட்டு, "நல்ல பழுப்பாப் படிஞ்சா ஆக்சிஜன் இருக்கு தாத்தா, வெள்ளையாப் படிஞ்சா இல்லை" என்றார். சுற்றி நின்று பார்த்தோம். ஒரு டம்ளர் பாலில் ஒரு சொட்டு டிகாஷன் விட்ட மாதிரி வெளிறிப் படிந்தது. மாமா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் பேசாமல் வலையைச் சுருட்டி வைத்தார்.

அதிகாரி ஐயா தவறாக நினைக்கக் கூடாது. பாசி வெயிலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் நண்பகலில் மட்டும் மாதிரி எடுத்தால் விடியற்காலையில் மீன் திணறியது தெரியவே தெரியாது. குளிக்கும் கடல்நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும், சாக்கடையோடு வரும் மலக்கிருமி 100 மில்லியில் 100-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறையே இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்றேனே, அந்த அளவை எங்களுக்கு யார் சொன்னார்கள்? கடலில் இறங்குகிறவர்களுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

நேரமாகிவிட்டது, ஒரே கோரிக்கை. ஏலக் கொட்டகைச் சுவரில், மீன் விலை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மாதா மாதம் விடியற்காலை எடுத்த கணக்கைத் தமிழில் எழுதுங்கள். பெயிண்ட் செலவு எங்கள் தெருவுடையது. தலைவர் அம்மா, இந்த மேடையிலேயே சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.